சங்கத்துல ‘நான்’ எங்கே?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: “சங்கம்னா எல்லாரும் சொல்றதுதானே? எனக்குன்னு ஒரு நெனப்பு இருந்தா அத எங்க சொல்றது?” நம் எல்லோருக்கும் உள்ள கேள்விதான் இது. கொஞ்சம் யோசிப்போம்.

‘தனிமரம் தோப்பாகாது’ என்று சொல்லித்தான் குழு கட்டினோம். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில், அடமானம் வைக்க எதுவும் இல்லாத ஏழைப் பெண்ணுக்கு வங்கிக் கடன் என்பது எட்டாக்கனி. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. நகை, நிலத்துக்குப் பதிலாக ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. அதனால்தான் வங்கிக் கடன் குழுவின் பெயரில் வருகிறது. “என் பங்க நான் கட்டிட்டேன், எனக்கென்ன?” என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

அதே சமயம், இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மா என்றே இருந்த நமக்குச் சொந்தப் பெயர் கிடைத்ததும் இந்தக் குழுவில்தான். வருகைப் பதிவேட்டில் நம் பெயருக்கு நேராக நாமே கையெழுத்துப் போடுகிறோம். சேமிப்பும் அவரவர் பாஸ் புத்தகத்தில் தனித்தனியாகத்தான் ஏறுகிறது.

அப்படியானால் அந்த அக்காவுக்கு என்ன குறை? அவர் குழுவுக்கு வங்கிக் கடன் வந்தபோது எல்லோரும் கறவை மாடு என்று முடிவு செய்தார்கள். இவருக்கு நிலமும் இல்லை, தீவனத்துக்கு வழியும் இல்லை. இட்லிக் கடை போடத்தான் ஆசை. “எல்லாரும் மாடுன்னு சொல்றப்ப நான் மட்டும் எப்படி மாத்திச் சொல்றது?” என்று பேசாமல் கையெழுத்துப் போட்டார். ஐந்தே மாதத்தில் மாட்டை நட்டத்துக்கு விற்றார். தவணை நின்றது. சிலர் அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டார்கள். அடுத்த கடனும் எல்லோருக்கும் தள்ளிப்போனது.

ஒருத்தர் வாயைத் திறக்காததால் பதினாலு பேருக்கும் நட்டம். அவர் பேசாதது மட்டும் தப்பில்லை, மற்றவர்கள் கேட்காததும் தப்புதான். கூட்டத்தில் இதைப் பேசியபோது பலர் தலை குனிந்தார்கள். பிறகு தவணையைப் பிரித்துக் கட்டச் சொல்லி, இட்லிக் கடைக்குச் சங்கப் பணத்திலிருந்து சிறு கடனும் கொடுத்தார்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. கடன் எதற்கு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, தீர்மான நோட்டில் அவரவர் பெயரோடு எழுதுங்கள்.

2. பேசாமல் இருப்பவரிடம் ஊக்குநரே கேட்க வேண்டும். பேசவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. தவணை தவறினால் காரணத்தைக் கூட்டத்தில் கேளுங்கள். வாசலில் போய் அவமானப்படுத்த வேண்டாம்.

4. சேர்ந்து எடுத்த முடிவுக்குப் பிறகு, பொறுப்பு எல்லோருக்கும்தான்.

தனிமரம் தோப்பாகாது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் தண்ணி பாய்ச்சினால்தானே தோப்பு நிற்கும்? அடுத்த கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், “நீ என்ன நெனைக்கிறே?” என்று கேட்டுப் பாருங்கள்.