போட்டோவில் கடல், நேரில் சுவர்: ஹோட்டலிடம் பணம் கேட்க முடியுமா?

போட்டோவில் முற்றம், ஊஞ்சல், கடல் பார்த்த ஜன்னல். புதுச்சேரி போய்ச் சேர்ந்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மேலே ஒழுகும் ஏசி. ஒரு ராத்திரிக்கு 9,000 ரூபாய், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. கேட்டால், "பழைய கட்டடம் சார், அப்படித்தான் இருக்கும்."

வாடகை அதிகம் என்பதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. ஆனால், சொன்ன வசதி இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம்.

அறைக்குள் நுழைந்ததுமே வீடியோ எடுத்துடுங்க. புக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் இரண்டும் பத்திரம். மேனேஜரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், மெயிலும் அனுப்புங்க.

பதில் வரலையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. சென்னைவாசி இதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். சென்னையிலேயே புகார் கொடுக்கலாம்.