தழும்பு எதற்குக் காவல்?

நம்மில் பெரும்பாலானோரின் இடது கையில் சிறு தழும்பொன்று இருக்கும். பிறந்தவுடன் ஏற்றிய பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் அடையாளம் அது. "ஊசி போட்டாச்சு, இனிக் கசம் வராது" என்று பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை.

1921இல் பிரான்சில் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட இம்மருந்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. 1950களில் பிரித்தானியப் பாடசாலை மாணவரிடையே நடந்த ஆய்வில் நூற்றுக்கு 75க்கு மேல் பாதுகாப்புக் கிடைத்தது. 1968இல் தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோரிடம் தொடங்கிய ஆய்விலோ, வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவேயில்லை.

ஏன் இப்படி? வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் நிறைய உண்டு. அவற்றோடு ஏற்கெனவே பழகிய உடம்புக்கு ஊசி புதிதாகக் கொடுப்பது கொஞ்சம்தான் என்பது ஆய்வாளர் சொல்லும் முக்கிய விளக்கம்.

அதற்காக ஊசி வீண் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயை அது நன்றாகவே தடுக்கிறது. பிள்ளைக்குக் கட்டாயம் போடுங்கள். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், தழும்பை நம்பி இருந்துவிடாமல் சளியைப் பரிசோதியுங்கள்.