ஒவ்வாமைத் தாக்குதலும் நீரிழிவும்

நீரிழிவுடைய ஒருவரைக் குளவி கொட்டுகிறது. உடல் தடித்து, மூச்சுத் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நிலையில் உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே. அது ஈரலில் சேமித்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்யும். இன்சுலின் சுரப்பையும் தடுக்கும். அதற்கு அஞ்சி ஊசியைத் தாமதித்தல் பேதைமை. ஏறிய சர்க்கரையைப் பிறகு இறக்கலாம். நின்ற மூச்சை மீட்பது அரிது. இவ்வேற்றமோ சில மணி நேரத்தில் தணிந்துவிடும்.

நாள்கணக்கில் நீடிப்பது, பின்னர்ச் சிலருக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையின் விளைவு. காலையில் அதை உட்கொண்டவருக்குப் பிற்பகலிலும் மாலையிலுமே சர்க்கரை மிகும். வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. உணவுக்குப் பின்னரும் மாலையிலும் பார்த்தல் வேண்டும். மருத்துவர் இன்சுலின் அளவைக் கூட்டியிருந்தால், மாத்திரை நிறுத்தப்படும்போது அதனைக் குறைப்பது எவ்வாறென்று முன்னரே கேட்டறிக. இன்றேல் சர்க்கரை அளவுக்குமீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம்.