ஓரங்குலத்துக்கு ஆறடி

வினாயகபுரம், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு வடக்கே செல்லும் கடற்கரை மட்டக்களப்பை அடைகிறது. அந்நகருக்கு அப்பால், கடலின் அடியில், ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அதனை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். விமானந்தாங்கி என்று பெயர் பெற்ற அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. உதவிக்கு வந்த விமானங்களோ அது மூழ்கிய பின்னரே வந்து சேர்ந்தன.

அன்று காலை திருகோணமலைக்கு மேலே எதிரியை எதிர்கொண்டவை, சீனக்குடாவில் நிலைகொண்டிருந்த 261ஆம் அணியின் ஹரிக்கேன் போர் விமானங்கள். அவ்விமானத்தைக் கையளவிற் சமைத்து மேசைமேல் நிறுத்த விரும்பும் ஒருவர் யாது செய்தல் வேண்டும்?

முதலிற் கொள்ளவேண்டியது அளவு. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு 1930களிலேயே வழக்கிற்கு வந்தது. ஓர் அங்குலம் ஆறடிக்கு ஈடாகும். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாவான். கணக்குப் பார்க்க இதனினும் எளிய முறை இல்லை. ஹரிக்கேனின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 40 அடி. மாதிரியில் அது ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவை விளையாட்டுக்கு மட்டுமே உரியதென்று எண்ணுதல் தவறு. அதே 1942இல் அமெரிக்காவின் பள்ளி மாணவர்கள் இவ்வளவில் மர விமானங்களைச் செதுக்கிக் கடற்படைக்கு அளித்தனர். வானில் தெரிவது நண்பனா, பகைவனா என்பதை உருவத்தைக் கொண்டே அறியும் பயிற்சிக்கு அவை பயன்பட்டன. ஒரு கணத் தடுமாற்றம் உயிரைக் கொள்ளும் காலம் அது.

இன்று பிளாஸ்டிக் உறுப்புகள் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. அவை கிட்டாதவர் முள்முருக்குப் போன்ற மென்மரத்திலும் செதுக்கலாம். எதில் அமைத்தாலும் தடிப்பிலே கருத்து வேண்டும். இறக்கையின் பின்விளிம்பு ஒரு மில்லிமீற்றர் தடித்திருந்தால், மெய்யான விமானத்தில் அஃது ஏறத்தாழ மூன்று அங்குலம் ஆகிவிடும். பார்ப்பவர் காரணம் அறியாமலே, 'இது பொம்மை' என்று சொல்லிவிடுவார். அரத்தாளைக் கொண்டு பொறுமையாகத் தேய்த்து அவ்விளிம்பைக் கூராக்குதலே வேலையின் பாதி எனலாம்.

ஹரிக்கேனை வரைந்தவர் சிட்னி காம். 1935 நவம்பர் 6இல் முதன்முதலாகப் பறந்த அவ்விமானம் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையிலே பிறந்த பிள்ளை. அதன் உடலின் பின்பாகம் உலோகத் தகட்டால் மூடப்பட்டதன்று. மரச் சட்டங்களின்மேல் துணியை இழுத்துப் போர்த்திப் பசைமெருகு பூசியது. ஆதலால் அப்பகுதியில் நீளவாட்டான மெல்லிய மேடுகள் தெரியும். மாதிரி செய்வோர் பலர் இம்மேடுகளை மிகைப்படுத்தி, பட்டினி கிடந்த மாட்டின் விலாவைப் போல் ஆக்கிவிடுவர். இறுகப் போர்த்திய துணி அவ்வாறு தொய்வதில்லை.

மூக்கின் கீழே தடித்த தாடை போன்ற ஓர் உறுப்பு வேண்டும். மணலும் தூசியும் எந்திரத்துள் புகாவண்ணம் வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட விமானங்களிற் பொருத்திய காற்று வடிகட்டி அது. இலங்கையில் 1942இல் எடுத்த ஹரிக்கேன் படங்களில் இதனைக் காணலாம். அழகைக் கெடுப்பதென்று சிலர் விட்டுவிடுகின்றனர். வேகத்தையும் அது சிறிது கெடுத்ததென்பது உண்மையே. ஆயினும் அதை நீக்கினால் விமானம் இங்கிலாந்துக்குப் போய்விடும், சீனக்குடாவில் நில்லாது.

வண்ணத்தில் அதனினும் பெரிய பொறி ஒன்றுண்டு. பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு இருந்தது. யப்பானின் செஞ்சூரியனோடு மயங்கலாகாதென்று பிற்காலத்தில் கீழைப் போர்க்களத்தில் அச்சிவப்பை அகற்றினர். எனவே நீலமும் வெள்ளையும் மட்டும் இட்ட மாதிரிக்கு 1942 ஏப்ரல் என்று பெயர்ச்சீட்டு எழுதுதல் பொருந்தாது. உடலின் நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மாத்திரம் நம்பித் தீர்மானித்தல் ஆகாது. பச்சையும் கபிலமும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும்.

சிற்றுறுப்புகளுக்குச் செலவு இல்லை. விமானியின் இருக்கைப் பட்டிகளுக்கு மெல்லிய கடதாசிக் கீற்று போதும். வானொலிக் கம்பிக்கு, மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியைச் சுடரின் மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து மெதுவாக இழுத்தால் தலைமயிரினும் நுண்ணிய இழை கிடைக்கும். சுடருக்குள் விட்டால் தீப்பற்றும். சிறுவர் இதைத் தனியே செய்யலாகாது.

கடைசியில் இறக்கையின் முன்விளிம்பு. துப்பாக்கி வாய்களில் தூசி புகாதபடி சிவப்புத் துணித்துண்டுகளை ஒட்டி மூடுவது வழக்கம். முதற் குண்டு அவற்றைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். ஆகவே மாதிரி அமைப்பவர் நாளை மட்டுமன்றி நாழிகையையும் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஏப்ரல் 9 காலை புறப்படக் காத்திருக்கும் விமானமாயின், சிவப்புத் துண்டுகள் முழுமையாக இருக்கும். திரும்பி வந்த விமானமாயின், அவை கிழிந்து, இறக்கையின் அடியில் கரும்புகை படிந்திருக்கும்.