காசிமேட்டுச் சுறாவுக்கு வியன்னாவில் சாட்சி

ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு துறைமுகத்தில் வந்திறங்கும் பால் சுறாவுக்கும் கொம்பன் சுறாவுக்கும் மீனவர்களிடம் தனித்தனிப் பெயர் உண்டு. சாம்பல் முதுகும் வெளுத்த வயிறுமாக ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் சுறாக்கள்தான் சிக்கல். புதுச்சேரிச் சுறாவும் கங்கைச் சுறாவும் அந்த ரகம். இரண்டையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. ஆனால் புதுச்சேரிச் சுறாவுக்கு ஆதாரமாக இருப்பவை அருங்காட்சியகங்களில் உள்ள சுமார் இருபது மாதிரிகள்தான். கடைசி உறுதியான பதிவு 1979-ஐச் சேர்ந்தது. அடையாளம் சொல்ல ஆளில்லாத மீனைப் பிடித்தால் குற்றம் என்கிறது சட்டம். இந்தச் சட்டத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், பழைய மாதிரிகளின் டி.என்.ஏ.வை எடுத்துப் படித்தாக வேண்டும்.

ஏலம் முடிந்து துண்டு போட்ட சதையிலிருந்துகூட டி.என்.ஏ. எடுத்துவிடலாம். ஆனால் கைரேகை கிடைத்தால் போதாது, ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடும் சரியாக இருக்க வேண்டும். ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்ட ஆதாரமாக வைத்த மாதிரிதான் அந்தப் பெயருக்கு மூலப்பத்திரம். ஐராவதி ஆற்றுமுகத்தில் கிடைத்த ஒரே ஒரு சிறிய சுறாவை வைத்து, 1896-இல் வியன்னாவின் மீனியல் அறிஞர் ஸ்டைன்டாக்னர் தனி இனமாகப் பெயரிட்டார். ஆற்றுச் சுறாக்களின் அருங்காட்சியக மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. ஐராவதிச் சுறா, போர்னியோ ஆற்றுச் சுறா, கங்கைச் சுறா என்று மூன்றாக எண்ணியிருந்தவை ஒரே இனம் என்று அது காட்டியது. நூறாண்டுக் கணக்கு ஒன்று திருத்தப்பட்டது.

பழைய திசுவில் டி.என்.ஏ. பொடிப்பொடியாக உடைந்திருக்கும். உறவான சுறாக்களின் மரபணுவைப் பார்த்துச் சிறு துணுக்குகளைத் தயாரித்து, அவற்றை இரையாகப் போட்டு, பொருந்தும் துண்டுகளை மட்டும் ஆய்வாளர்கள் இழுத்தெடுக்கிறார்கள். மாதிரி எவ்வளவு பழையது என்பதைவிட எதில் ஊறியது என்பதே பெரிய கேள்வி. 1890-களில் புழக்கத்துக்கு வந்த ஃபார்மலின், டி.என்.ஏ.வைப் புரதத்தோடு பிணைத்துவிடும். அதனால் அதற்கு முன் சாராயத்தில் இட்ட மாதிரி, பின்னால் வந்ததைவிடக் கைகொடுப்பதும் உண்டு. வயது மட்டும் தடையில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1883-இல் அற்றுப்போன குவாக்கா என்னும் வரிக்குதிரையின் பதப்படுத்திய தோலிலிருந்து 1984-லேயே டி.என்.ஏ. எடுத்துவிட்டார்கள்.

திரும்பக் கிடைக்காத மாதிரியை வெட்டலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இன்று தேவைப்படுவது நகத்துணுக்கு அளவுத் திசு. அதை மறுத்தால், ஐயத்துக்குரிய பெயர் ஐயத்தோடே நிலைத்துவிடும். தொட்டவர்களின் டி.என்.ஏ. கலந்துவிடாதா? கலக்கும், அதனால்தான் தனிக்கூடம், திரும்பத் திரும்பச் சோதனை. பல்லையும் துடுப்பையும் பார்த்தால் போதாதா? முழு மீன் கையில் இருந்தால் பெரும்பாலும் போதும். தலையும் துடுப்பும் போய்க் கருவாடானபின் எதைப் பார்ப்பது? ஒரு மாதிரி ஓர் இனத்துக்கே சாட்சியாகுமா என்ற கேள்விதான் வலுவானது. ஆகாது. பழைய மாதிரி பெயரை உறுதிப்படுத்தும். அந்த இனம் இன்று எப்படி இருக்கிறது என்பதைப் புதிய மாதிரிகள்தான் சொல்லும்.

அந்தப் புதிய மாதிரி மீன் இறங்குதளத்தில்தான் கிடைக்கும். 2016 பிப்ரவரியில் மும்பை சாசூன் டாக்கில் 266 செ.மீ. நீளக் கங்கைச் சுறா ஒன்று வந்திறங்கியது இதற்குச் சான்று. காசிமேட்டிலும் அப்படியொன்று இறங்கலாம். அன்று அதைக் காட்டிக்கொடுக்கும் மீனவர் மேல் வழக்குப் பாயும் என்றால், மீன் சத்தமில்லாமல் துண்டாகிவிடும். வலையில் தானாகச் சிக்கியதைச் சொல்லி, விரல்நுனிச் சதையைக் கொடுப்பவரைக் குற்றவாளியாக நடத்தாத ஓர் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும்.