கறி பப் ஓரமும் கதவின் ஓரமும்

கறி பப் செய்கிற கைகளைக் கவனித்திருப்பீர்கள். வட்டமாகத் தேய்த்த மாவில் உருளைக்கிழங்கு மசாலாவை வைத்து மடித்து, விளிம்பை அழுத்தி ஒட்டியதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. விரல் நுனியால் அந்த விளிம்பைக் கிள்ளி மடித்து, கிள்ளி மடித்து, முறுக்கிக்கொண்டே போகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சூடான எண்ணெயில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தள்ளும்போது, மாவின் இரண்டு விளிம்பும் பிரிந்துவிடாமல் பிடித்துவைப்பது அந்த முறுக்கு.

கதவையும் ஜன்னலையும் சுற்றிப் பதிக்கும் அலங்காரச் சட்டத்துக்கும் வேலை இதுதான். ஹார்ட்வேர் கடையில் ஆர்கிட்ரேவ் என்றோ மோல்டிங் என்றோ கேட்டு வாங்குகிறோம். ஒரு பக்கம் செங்கல் சுவரும் சிமெண்டுப் பூச்சும், இன்னொரு பக்கம் மர நிலை. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்த ஈரத்தை இழுத்து மரம் உப்பும். ஏர்கோன் ஓடும் அறையில் காய்ந்து சுருங்கும். சிமெண்டுப் பூச்சு அவ்வளவு அசையாது. கதவை அறைந்து சாத்தும் அதிர்ச்சியும் சேர்ந்தால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் விரிசல் விழுந்தே தீரும். எத்தனை கைதேர்ந்த கொத்தனார் பூசியிருந்தாலும் விழும். அந்தக் கோட்டை மூடத்தான் சட்டம்.

நம் சுவர் செங்கல் சுவரானதற்கு ஒரு கதை உண்டு. 1881இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் சிதைந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்பு வீடுகளை விட்டுச் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாற வைத்தார். அந்தக் காலத்தில் செங்கல் சூளைகள் இயங்கிய நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மிஞ்சியிருக்கும் பழைய கடைவீடுகளின் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். சுற்றிலும் சாந்தால் இழுத்த விளிம்புகள் தெரியும். மேல்விளிம்பு சற்றுத் துருத்தி நிற்பது, மழைநீர் ஜன்னலுக்குள் வழியாமல் வெளியே சொட்டுவதற்கு.

இந்தச் செங்கல் விஷயத்தை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இணையத்தில் பார்க்கும் செய்முறை வீடியோக்கள் பல அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே சுவருக்குள் மரச்சட்டங்கள் நிற்கின்றன. அலங்காரச் சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்தால் பிடித்துக்கொள்ளும். நம் தெரஸ் வீட்டில் வெளியோரத்து ஆணி பூச்சில் மோதி வளையும், அல்லது பூச்சைப் பெயர்த்துவிடும். இங்கே உள்ளோரத்துக்கு மர நிலையில் மெல்லிய ஆணி, வெளியோரத்துக்குச் சுவரில் பசை. கான்டோமினியத்தில் நிலை இரும்புத் தகடாக இருந்தால் இரண்டு ஓரத்துக்கும் பசைதான்.

மாவு சரியில்லாமல் முறுக்கு நிற்காது. ஞாத்தோ, மெராந்தி போன்ற மரச்சட்டங்கள் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நல்லவை. எம்டிஎஃப் மலிவு, பெயிண்ட் வழவழப்பாக ஏறும். ஆனால் தண்ணீர் குடித்து உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. குளியலறைக் கதவுக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். பிவிசியைக் கரையான் தின்னாது, ஈரமும் ஒன்றும் செய்யாது. அதற்கு வேறொரு குணம்: வெயிலில் நீளும். 2.4 மீட்டர் பட்டை 20 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். மேற்கு வெயில் விழும் ஜன்னலில் இரு முனையையும் இறுக்கி வைத்தால் நடுவில் வளைந்து எழும்பும்.

பிசைந்த மாவை மூடி வைக்காமல் உடனே தேய்த்தால் சுருண்டு பின்வாங்கும். மரமும் அப்படித்தான். கடையிலிருந்து வந்த அன்றே வெட்டாதீர்கள். பதிக்கப்போகும் அறையிலேயே தட்டையாகச் சில நாள் கிடத்தி வையுங்கள். அந்த அறையின் ஈரத்துக்கு மரம் பழகட்டும். பிறகு முன்பக்கம், பின்பக்கம், பசை தடவாத வெட்டுமுனை என எல்லா இடத்திலும் பிரைமர் அடியுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்துச் சட்டம் வளையும்.

விளிம்பில் காய்ந்த மாவுத்தூள் இருந்தால் முறுக்கு ஒட்டாது. மசாலா ஈரமாக இருந்தால் ஒட்டியதும் விட்டுவிடும். சுவரில் பொடியாக உதிரும் பழைய பெயிண்டின் மேல் பசை வைத்தால், பசை பெயிண்டைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் துடையுங்கள். சுவரில் ஈரமிருக்கிறதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் முதலில் கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். நிலையின் அடிப்பகுதியையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசையோ மண்குழாயோ இருந்தால் கரையான் உள்ளே வந்துவிட்டது. அதன் மேல் சட்டம் பதிப்பது கரையானுக்கு மறைவிடம் கட்டிக்கொடுப்பதாகும்.

இனி வெட்டு. சட்டத்தை நிலையின் உள்விளிம்போடு ஒட்ட வைக்காமல், 5 மில்லிமீட்டர் விலக்கிப் பென்சிலால் கோடு போடுங்கள். நிலை சிறிது கோணியிருந்தாலும் அந்த இடைவெளி அதைக் கண்ணுக்குக் காட்டாது. கீலுக்கும் இடம் கிடைக்கும். மேல் மூலைகளில் இரண்டு சட்டமும் 45 டிகிரியில் சந்திக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டு மூலைகள் சரியாக 90 டிகிரியில் இருப்பது அபூர்வம். வேண்டாத துண்டுகள் இரண்டை வெட்டி வைத்துப் பாருங்கள். மூலை 91 என்றால் ஒவ்வொன்றும் 45.5. சாய்வெட்டை முதலில் போட்டுவிட்டு, நீளத்தைக் கீழ்முனையில் நேராக வெட்டிச் சரிசெய்வது புத்திசாலித்தனம்.

மரம் நீளத்தில் ஏறக்குறைய அசையாது, அகலத்தில்தான் சுருங்கும். அதனால் காய்ந்த அறையில் சாய்வெட்டு மூலை உட்புறமாகத் திறந்துகொள்ளும். சட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிதாகத் திறக்கும். அகலமான சட்டத்துக்குச் சாய்வெட்டே வேண்டாம் என்பது என் கருத்து. மேல்சட்டத்தை இரண்டு பக்கச் சட்டங்களின் தலைமேல் நேராக உட்கார வையுங்கள். நம் ஈரத்துக்கு அதுதான் உழைக்கிறது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

பதிக்கும்போது மூலையின் இரு வெட்டு முகத்திலும் மரப்பசை தடவுங்கள். முறுக்கும்முன் மாவு விளிம்பில் தொடும் தண்ணீரின் வேலை இது. டேப் போட்டுப் பிடித்து, பசை காயும்வரை கதவை அறைந்து சாத்த வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஆணித் துளைக்குப் பட்டி, சுவரோரத்து இடைவெளிக்கு அக்ரிலிக் ஃபில்லர். அங்கே சிலிகான் வைத்தால் பெயிண்ட் ஏறாது. குளியலறைக் கதவில் மட்டும், சட்டத்தின் அடியைத் தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தி அந்த இடைவெளியில் சிலிகான் விடுங்கள்.

ஜன்னலில் கிரில் கால்கள் சுவரில் எங்கே புதைந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சட்டத்தின் அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய பிறகு பார்த்தால் சட்டத்தைக் குடைய வேண்டிவரும். தலைவாசலில் மாவிலைத் தோரணம் கட்டக் கொக்கி வேண்டுமா? அதை நிலையின் கட்டையில் திருகுங்கள். பாதி பசையில் நிற்கும் சட்டத்தில் திருகாதீர்கள்.