சுவட்டலையில் ஏறும் எலக்ட்ரான்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த துகள்முடுக்கி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பதற்குக் காரணம், உலோகக் குழாய்க்குள் மின்புலத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தினால் அதன் சுவரிலிருந்தே பொறி பறந்துவிடும் என்பதுதான். ஏற்கெனவே அணுக்கள் சிதைந்த வாயுவாகிய பிளாஸ்மாவுக்கோ அந்தப் பயம் இல்லை. உக்கிரமான லேசர்த் துடிப்பொன்றை அதனுள் செலுத்தினால், வழியிலுள்ள எலக்ட்ரான்களை அது ஒதுக்கிக்கொண்டு போக, பின்னால் ஒரு சுவட்டலை எழுந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் தொடர்ந்து வரும் என்றும், அதில் அகப்பட்ட எலக்ட்ரான் குறுகிய தூரத்திலேயே பெருஞ்சக்தி பெறும் என்றும் விஞ்ஞானிகளான தஜிமாவும் டாசனும் 1979-இல் எழுதினார்கள். பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2019-இல் வெறும் 20 சென்டிமீட்டர் பிளாஸ்மாவில் 7.8 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரை எட்டிக் காட்டினார்கள்.

ஆனால் அகப்படுவதுதான் கஷ்டம்; ஓடும் ரயிலில் ஏற விரும்புகிறவன் தானும் சற்று ஓடியாக வேண்டுமல்லவா? இதற்கென்று விஞ்ஞானிகள் கண்ட உபாயங்களில் ஒன்று, ஹீலியத்தில் சிறிது நைட்ரஜனைக் கலப்பது. நைட்ரஜனின் ஐந்தாவது எலக்ட்ரானைப் பிரிக்க 98 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஆறாவதற்கோ 552 வேண்டும். ஆகையால் வெளிச்சுற்றிலுள்ள ஐந்தும் துடிப்பின் முன்விளிம்பிலேயே கழன்றுவிட, உள்ளேயிருக்கும் இரண்டும் துடிப்பின் உச்சம் வரும்வரை காத்திருந்து, சுவட்டலைக்கு உள்ளேயே விடுதலை பெறுகின்றன.

லேசரின் தளவிளைவு, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசையின் ஒழுங்கு, தன் வேலையைக் காட்டுவது இந்த விடுதலைக் கணத்தில்தான். மின்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அதிரும் நேர்கோட்டுத் தளவிளைவில், எலக்ட்ரான் பெரும்பாலும் புலம் உச்சத்தைத் தொடும் நொடியில் பிறப்பதால், ஒளி தனக்குக் கொடுத்த உந்தத்தையெல்லாம் துடிப்பு கடந்து போகையில் ஏறக்குறைய முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதுவாக நிற்கிறது. மிச்சமிருக்கும் சிறு பக்கவாட்டு அசைவு அந்தக் கோட்டின் திசையிலேயே இருப்பதால், எலக்ட்ரான் கற்றை அத்திசையில் சற்றே அகன்றுவிடும். புலம் திசைமாறிச் சுழலும் வட்டத் தளவிளைவில் கதையே வேறு. அதே ஒளிச்செறிவுக்கு உச்சப்புலம் சுமார் 0.7 பங்காகக் குறைவதால், விளிம்புநிலைச் செறிவில் உள்சுற்று எலக்ட்ரான்கள் கழல்வதே அரிது. கழன்றவையோ, எந்தக் கணத்தில் பிறந்தாலும், பக்கவாட்டில் கணிசமான உந்தத்தையும் அதோடு முன்னோக்கிய ஒரு தள்ளுதலையும் நிரந்தரமாகப் பெற்றுக்கொள்கின்றன. முன்தள்ளுதல் அலையில் ஏறுவதற்குச் சகாயம். பக்கவாட்டு உந்தம் கற்றையின் நேர்த்திக்கு விரோதம்.

எனவே மெல்லிய கற்றையே பிரதானம் என்பார் நேர்கோட்டையும், செறிவு தாராளமாக இருக்க, மிகுதியான எலக்ட்ரான்களைப் பிடிக்க விரும்புவார் வட்டத்தையும் நாடுவதே நியாயம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு, லேசரின் பாதையில் ஒரு கால்அலைத் தகட்டை வைத்து உரிய கோணத்தில் திருப்பினால் போதும்.